புதுப் பல்செட்டு பழகுதல்: காயல்பட்டினச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

புதிதாகப் பல்செட்டு கட்டிக்கொண்டவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது பல் டாக்டர் கடைசியாகச் சொல்வது, "போகப் போகப் பழகிடும்." இவ்வளவு அடிக்கடி சொல்லப்பட்டு இவ்வளவு குறைவாக ஆராயப்பட்ட மருத்துவ வாக்கியம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. எது பழகும், எதற்குப் பழகும், பழகாவிட்டால் குற்றம் யார் மேல் என்ற மூன்று கேள்விகளையும் அது நாசூக்காகத் தாண்டிவிடுகிறது. தமிழ் மரபும் கைகொடுப்பதில்லை. பல் போனால் சொல் போச்சு என்று பழமொழி போனதற்கு மட்டும் கணக்கு எழுதி வைத்திருக்கிறது. 28 பற்கள் ஒரே நாளில், ஒரே டப்பாவில் திரும்பி வந்தால் சொல்லும் கூடவே வருமா, வேறெங்காவது போய்விட்டு வருமா என்று அது பேசுவதில்லை. (32 இருக்க வேண்டிய இடத்தில் 28 ஏன் என்று கேட்கலாம். ஞானப்பல் நான்கையும் வழக்கமாகச் செட்டில் வைப்பதில்லை. அந்த வயதில் அது தேவைப்படாது என்று எண்ணிவிட்டார்கள் போலும்.) பல்செட்டு பழகுதல் என்பது ஈறின் வேலையுமில்லை, செட்டின் வேலையுமில்லை, அது முழுக்க முழுக்க நாக்கின் வேலை என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து. இதை ஆராயக் காயல்பட்டினத்தைப் போல வாய்ப்பான ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலேயே இல்லை என்பது துணைக் கருத்து.

சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராக விடுவிப்பதே முறை என்பதால் செட்டிலிருந்து தொடங்கலாம். செட்டு பழகாது. பழகும் தன்மை அதற்குக் கிடையாது. இன்றைய பல்செட்டு அக்ரிலிக்கால் ஆனது. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் பல் மருத்துவத்துக்குள் வந்தது. அதே காலத்தில் அதே குடும்பத்துப் பொருள் போர் விமானிகளின் தலைக்கு மேல் கண்ணாடிக் கூரையாகவும் பறந்துகொண்டிருந்தது. குண்டுக்கு நடுவில் உருமாறாமல் நின்ற பொருள் ஒரு வாய்க்காக உருமாறும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதற்கு முன் சுமார் எண்பது ஆண்டு கடினமாக்கிய ரப்பர் ஆண்டது. அதற்கும் முன் தந்தமும் எலும்பும் செத்தவர் பல்லும் இருந்தன. ஜப்பானில் 1538இல் இறந்த ஒரு பௌத்தத் துறவிப் பெண்ணின் மரப் பல்செட்டு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருக்குச் சொந்தமாக ஒரே ஒரு பல்தான் மிச்சம். நீர்யானைத் தந்தத்தில் செய்து, மேலும் கீழும் ஸ்பிரிங்கால் பிணைத்த செட்டை அவர் பயன்படுத்தினார். ஸ்பிரிங்கின் வேலை வாயைத் திறப்பது. ஆகவே வாஷிங்டனின் வேலை வாயை மூடிக்கொண்டே இருப்பது. ஒரு தேசத்தின் தந்தை படங்களில் அவ்வளவு இறுக்கமான முகத்தோடு தெரிவதற்குக் காரணம் அரசியல் மட்டுமே என்று வரலாற்றாசிரியர்கள் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. மரமோ தந்தமோ அக்ரிலிக்கோ, எந்தச் செட்டும் தன்னை அணிந்தவருக்காகத் தன் குணத்தை மாற்றிக்கொண்டதாகச் செய்தி இல்லை.

அடுத்தவர் ஈறு. இங்கே நிலைமை இன்னும் மோசம். சொந்தப் பல் இருந்த காலத்தில் ஒவ்வொரு தாடையிலும் பல்வேரைச் சுற்றிய சவ்வு சுமார் 45 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மெல்லும் பாரத்தைத் தாங்கியது. பல் போன பிறகு அந்தப் பாரத்தை ஏற்க மேல்தாடையில் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 23 சதுர சென்டிமீட்டர். கீழ்த்தாடையில் வெறும் 12. எலும்புக்குள் வேர்விட்டு நின்றவர் செய்த வேலையை மெல்லிய தோல் மேல் உட்கார்ந்திருப்பவரிடம் ஒப்படைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது. கடிக்கும் வலு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று இறங்கிவிடுகிறது. அதோடு ஈறுக்கு அடியிலுள்ள எலும்பு ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது. ஒரே ஆட்களை 25 ஆண்டு தொடர்ந்து கவனித்த டால்கிரென் 1972இல் வெளியிட்ட கணக்குப்படி, கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு தேய்கிறது. ஆகவே ஈறு பழகுகிறது என்று சொல்வதைவிட ஈறு மெதுவாக இடத்தைக் காலி செய்கிறது என்று சொல்வதே பொருத்தம். மேல்செட்டு பரந்த அண்ணத்தில் எச்சில் படலத்தின் பிடியில் ஒட்டிக்கொண்டு மரியாதையாக இருப்பதும், கீழ்ச்செட்டு குறுகிய திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பேச்சுக்கும் எழுந்து எழுந்து நிற்பதும் இதனால்தான். பல்செட்டு பற்றிய புகார்களைக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை கீழ்ச்செட்டின் மேல்தான் இருக்கும்.

இருவரையும் விடுவித்தபின் வாய்க்குள் மிஞ்சுவது நாக்கு. பல் இல்லாத ஆண்டுகளில் வீடு முழுக்க நாக்கின் கையில் இருந்தது. அது இஷ்டத்துக்கு அகலமாகப் பரவிப் படுத்தது, பிசைந்தது, அரைத்தது, ஈறோடு சேர்ந்து கஞ்சியையும் கறியையும் நிர்வகித்தது. இப்போது ஒரு நாள் காலையில் கதவைத் திறந்துகொண்டு புது ஆள் ஒருவர் உள்ளே வந்து, இனி இங்கேதான் இருப்பேன் என்கிறார். இந்த நிலைமையை விளக்கக் காயல்பட்டினத்தைத் தவிர வேறு ஊர் தேவையில்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். காயல்பட்டினத்திலோ மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்மக்களுக்கே போகிறது. வெளியிலிருந்து வந்த, வளைந்துகொடுக்கத் தெரியாத, எல்லோரும் மரியாதை கொடுத்தாக வேண்டிய ஓர் ஆணை வீட்டுக்குள் எங்கே வைப்பது என்ற கலையில் இந்த ஊருக்குத் தலைமுறை தலைமுறையான தேர்ச்சி உண்டு. பல்செட்டு அந்த மாப்பிள்ளை. நாக்கு மாமியார். முதல் வாரம் நாக்கு செய்யும் வேலையைக் கவனித்தால் இதில் சந்தேகம் இருக்காது. அது ஒரு நிமிடம்கூட ஓய்வதில்லை. விளிம்பைத் தடவும், பின்பக்கம் போய்ப் பார்க்கும், எங்கோ ஒரு சொரசொரப்பைக் கண்டுபிடித்து அதையே நாள் முழுக்க மறுபடி மறுபடி எடுத்துச் சொல்லும். கடைசியில் ஒரு நாள், வந்தவர் போகப் போவதில்லை என்று தெரிந்ததும், சற்றே தணிந்து கீழ்ச்செட்டின் உள்விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்து அதை நகராமல் பிடித்துக்கொள்ளும். பல்செட்டு பழகிவிட்டது என்று நாம் சொல்வது இந்தக் கணத்தைத்தான். நாக்கைப் பின்னுக்கு இழுத்துவைக்கும் பழக்கமுள்ளவர்களுக்குக் கீழ்ச்செட்டு கடைசிவரை நிலைகொள்ளாது என்று பல் மருத்துவப் பாடநூல்களும் ஒப்புக்கொள்கின்றன.

இந்தக் கடற்கரையில் வேறொரு கொள்கைக்கு ஆதரவு அதிகம் என்பதை மறைக்க முடியாது. முத்துச் சிப்பிக் கொள்கை என்று அதை அழைக்கலாம். உள்ளே புகுந்த அந்நியப் பொருளைச் சிப்பி எப்படித் தன் பளபளப்பான சுரப்பால் மூடிச் சொந்தமாக்கிக்கொள்கிறதோ, அப்படியே வாயும் செட்டை எச்சிலால் மூடித் தனதாக்கிக்கொள்கிறது என்பது அதன் சாரம். முத்துப்பல் என்று வருணித்தே பழகிய மொழியில் இதற்குக் கவர்ச்சி அதிகம். ஆனால் சான்று எதிராக இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதன்பின் 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி, தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள வேப்பலோடையில் சிப்பிக்குள் உருண்டையான கருவை அறுவை செய்து வைத்து முத்து வளர்த்துக் காட்டினார். அந்தத் தொழிலில் இறங்கியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வைத்த கருவைச் சிப்பிகளில் ஒரு பங்கு வெளியே துப்பிவிடும். ஏற்றுக்கொண்ட சிப்பியும் முத்தைக் கொடுக்கும்போது உயிரைக் கொடுக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த செட்டாக இருந்தாலும் அதற்காக இவ்வளவு தூரம் போகச் சொல்ல முடியாது. தவிரவும், எந்தச் சிப்பியும் தன் முத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி போட்டுக்கொள்வதில்லை. சிப்பிக் கொள்கையைக் கவிஞர்களிடம் விட்டுவிட்டு நாம் மேலே போகலாம்.

காயல்பட்டினத்து நாக்குக்கு இந்த வேலையில் தனித் தகுதி உண்டு என்பதற்கு மிகப் பழைய சாட்சி மார்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த அவர், குதிரை இறக்குமதியையும் அரசனின் நகைகளையும் எழுதியதோடு நிற்காமல் மக்களின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்திருக்கிறார். இந்த நகரத்தார் எப்போதும் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர் குறிப்பு. யாரையாவது அவமதிக்க வேண்டுமானால் அதை அவர் முகத்தில் துப்புவார்களாம். துப்பப்பட்டவர் அரசனிடம் ஓடிச் சண்டைக்கு அனுமதி கேட்பாராம். வாய்க்குள் ஒரு பொருளை நாள் முழுதும் குடிவைத்துக்கொண்டே வியாபாரம் பேசவும், குதிரைக்கு விலை பேரம் செய்யவும், நினைத்த நேரத்தில் குறிபார்த்து வெளியேற்றவும் தெரிந்த நாக்குகள் இவை. ஏழு நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பயிற்சியை முடித்த ஊருக்கு ஓர் அக்ரிலிக் தட்டு பெரிய விருந்தாளி ஆகிவிடாது. இதற்கு ஓர் ஆட்சேபம் உடனே எழும். மார்கோ போலோ பார்த்த காயல், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பழையகாயல்தான், தெற்கே இருக்கும் காயல்பட்டினம் அன்று என்று மொழியறிஞர் கால்டுவெல் வாதிட்டிருக்கிறார். ஆற்று வண்டல் பழைய துறைமுகத்தைத் தூர்த்ததையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் துறைமுகம் தூர்ந்தால் தங்கிவிடுவது கட்டடம். வியாபாரி போகும்போது வாயை எடுத்துக்கொண்டுதான் போவார். புதுப் பல்செட்டுக்காரர் முதல் நாட்களில் வெற்றிலை போடக் கூடாது, செட்டில் கறை ஏறும் என்ற எச்சரிக்கை இங்கே பொருந்தாதா என்று கேட்டால், பொருந்தும். வெற்றிலை இருந்த இடத்தில் செட்டு வருகிறது என்பதுதான் நம் வாதமே. இருவரையும் ஒரே வீட்டில் வைக்கச் சொல்லவில்லை.

பேச்சுக்கு வருவோம். பல்லை எழுத்தின் பிறப்பிடங்களில் ஒன்றாகத் தொல்காப்பியர் எண்ணியிருக்கிறார். அவர் சொல்லும் எட்டு இடங்களில் பல்லுக்கும் நாவுக்கும் இதழுக்கும் தனித்தனி நாற்காலி உண்டு. தகரமும் நகரமும் நாக்கின் நுனி மேல்பல்லின் அடியில் பட்டால் பிறக்கின்றன. வகரம் பல்லும் இதழும் கூடினால் பிறக்கிறது. இதன்படி பார்த்தால் காயல்பட்டினத்துக் குழந்தை உம்மாவைக் கூப்பிடப் பல்லே வேண்டாம், இரண்டு உதடு போதும். வாப்பாவைச் சரியாகக் கூப்பிட மட்டும் பல் முளைக்கும்வரை பொறுக்க வேண்டும். முதுமையில் இதே வழியில் திரும்பி நடக்கும்போது வாப்பா முதலில் தேய்கிறார், உம்மா கடைசிவரை நிற்கிறார். தமிழிலக்கணத்தோடு இந்த ஊருக்கு இன்னொரு நுட்பமான சாத்திரமும் பாடம். குர்ஆன் ஓதும் முறையைக் கற்பிக்கும் தஜ்வீத் கலை 32 பற்களுக்கும் வகைவாரியாகப் பெயர் வைத்து, எந்த எழுத்து எந்தப் பல்லின் எந்தப் பக்கத்தில் பிறக்கிறது என்று சொல்லிக்கொடுக்கிறது. பெரும்பாலானோர் ஏற்கும் கணக்கில் எழுத்துகளின் பிறப்பிடங்கள் 17. ஃபே என்ற எழுத்துக்கு மேல் முன்பற்களின் விளிம்பு கீழுதட்டின் உட்புறத்தைத் தொட வேண்டும். ஸே முதலிய மூன்று எழுத்துகளுக்கு நாக்கு நுனி முன்பற்களின் விளிம்பை எட்ட வேண்டும். ளாது எழுத்துக்கு நாக்கின் பக்கவாட்டு ஓரம் மேல் கடைவாய்ப்பற்களைச் சேர வேண்டும். தெருவுக்குத் தெரு பள்ளிவாசலும் மதரஸாவும் உள்ள ஊரில், குழந்தைப் பருவத்திலேயே தன் நாக்கு இந்த நொடி எந்தப் பல்லில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்கள் ஏராளம். தமிழையே அரபு எழுத்தில் எழுதி நூல் செய்த ஊர் இது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இங்குள்ள நாக்கு இரண்டு இலக்கணங்களுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிப் பழகிய நாக்கு. பல் டாக்டர்கள் புதுச் செட்டுக்காரர்களைத் தினமும் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்கள். சத்தமாக ஓதுவது இங்கே அன்றாடம் என்பதால் அந்தச் சீட்டு ஏற்கெனவே அமலில் இருக்கிறது.

ஆனால் தேர்வு கடினமானது. முதல் வாரத்தில் மேல்செட்டின் தடிப்பால் ஸகரம் விசிலாகும். வேறு ஊரில் இதை ஒருவர் வீட்டுக்குள் இருந்து சமாளித்துவிடலாம். காயல்பட்டினத்தில் சதுக்கைத் தெருவிலிருந்து குத்துக்கல் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை பேருக்கு ஸலாம் சொல்ல வேண்டியிருக்கும்! அந்த ஸலாமில் அழுத்தமான இரட்டை ஸகரம் ஒன்று வாசற்படியிலேயே நிற்கிறது. பதில் சொல்லாமல் தலையாட்டிவிட்டுப் போவது மரியாதையில்லை. இப்படி ஒருவர் நாளில் பல தடவை பொதுவெளியில் தேர்வு எழுதுகிறார், விடைத்தாளைத் திருத்துவது ஊர். இங்கே சர்ச்சிலின் சான்று பயன்படும். இங்கிலாந்துப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு இயல்பிலேயே ஸகரம் கொஞ்சம் குழறும். வானொலியில் நாடு முழுதும் அந்தக் குழறலை அடையாளம் கண்டிருந்ததால், அது போய்விடக் கூடாதென்று அவருடைய செட்டைச் சற்றுத் தளர்வாகவே செய்தார்கள். பல் மருத்துவர் வில்பிரட் ஃபிஷ் வடிவமைத்து டெரெக் கட்லிப் செய்துகொடுத்த அந்தச் செட்டுகளில் ஒன்று 2010இல் 15,200 பவுண்டுக்கு ஏலம் போனது. செட்டு சரியாகப் பொருந்தினால் பேச்சு சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு இது நேர் எதிர்ச் சான்று. எது சரியான பேச்சு என்பதைக் கேட்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் காதில் ஏற்கெனவே இருப்பதை நாக்கு தேடிப் பிடித்துக் கொடுக்கிறது.

உணவில்தான் வாதம் கனக்கிறது. முதல் நாள் வாயில் எச்சில் ஊற்றெடுக்கும். வாய்க்குள் ஒரு பொருள் வந்து போகாமல் இருந்தால் அதை உணவென்று மட்டுமே எச்சில் சுரப்பிகளுக்குத் தெரியும். அது உணவல்ல, உணவுக்கான கருவி என்று அவை புரிந்துகொள்ளச் சில நாளாகும். மென்மையானதைச் சிறு துண்டாக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்து மெல்லச் சொல்வார்கள். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் எழும்பிவிடும். முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. இந்த விதிகளோடு காயல்பட்டினத்துச் சமையலைச் சேர்த்து வாசித்தால் ஒரு படிக்கட்டு தெரிகிறது. அடிப்படியில் கஞ்சி, அதற்கு மேல் வட்லாப்பம், பிறகு தம்மடை. இவை நாக்கு தனியாகவே முடித்துவிடும் வேலை, செட்டு பார்வையாளர் மட்டுமே. இறால் வைத்துப் பொரித்த வாடாவில்தான் மாப்பிள்ளைக்கு முதல் உண்மையான வேலை. மேலோடு மொறுமொறு, உள்ளே மசாலா. முன்பல்லால் கடித்தால் செட்டு வாடாவோடு வெளியே வரும் அபாயம் உண்டு. கையால் பிட்டுக் கடைவாயில் வைப்பதே நெறி. தூத்துக்குடி மக்ரூன் கொஞ்சம் மோசடிக்காரன். பார்க்கக் காற்றுப்போல் இருந்து, உள்ளே போனதும் முந்திரியும் சர்க்கரையுமாக ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள முடுக்கில் போய் அடைந்துவிடும். அங்கே புகுந்து துடைத்தெடுப்பதும் நாக்குதான். உடன்குடிக் கருப்பட்டியைச் சப்பலாம், கடிக்கக் கூடாது. உச்சிப்படியில் மாசிக்கருவாடு இருக்கிறது. அதைச் சொந்தப் பல் உள்ளவர்களே இடித்துத்தான் சாப்பிடுகிறார்கள், ஆகவே அது ஆய்வுக்கு வெளியே. மெல்லும் வேலை பழக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்று பல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வாடாவை எட்டும் தூரத்துக்கு அது நியாயமான காலம்தான்.

இத்தனையிலும் உண்மையான ஆபத்து மென்மையானதாகத் தோன்றும் மீனில் இருக்கிறது. மேல்செட்டு அண்ணத்தை முழுவதும் மூடுகிறது. சூடும் கூர்மையும் நன்றாகத் தெரியும் இடங்களில் ஒன்று அண்ணம். அது மூடப்பட்டபின் டீயின் சூடு சில நேரம் தொண்டைக்குப் போன பிறகே தெரியும். மீன் முள் விஷயத்தில் இது விளையாட்டில்லை. பல்செட்டுக்காரர்கள் முள்ளையும் எலும்புத் துணுக்கையும் அறியாமல் விழுங்கிவிடுவது காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த சங்கதி. கடற்கரை ஊரில் பிறந்தவருக்கு முள் எடுப்பது சிந்தனை இல்லாமலே நடக்கும் வேலை. நாக்கும் அண்ணமும் சேர்ந்து உருட்டிப் பார்த்து, முள்ளை ஓரத்துக்குத் தள்ளி, உதட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடும். இப்போது அந்தக் கூட்டாளிகளில் ஒருவரின் கண்ணைக் கட்டியாகிவிட்டது. ஆகவே முதல் சில வாரம் சீலா, விளமீன் என்று முள் பெரிதாகவும் குறைவாகவும் உள்ள மீனோடு நிற்பது நல்லது. சாளையைக் கையால் பிரித்துப் பார்க்காமல் வாய்க்கு அனுப்பவே கூடாது. நாக்கே எல்லாம் செய்கிறது என்ற நம் கொள்கைக்கு இது பின்னடைவுபோலத் தோன்றலாம். உண்மையில் இதுவே வலுவான சான்று. மாதங்கள் கழித்துச் சாளையை மீண்டும் வாயாலேயே முள் பிரிப்பவர்கள் உண்டு. அண்ணம் மூடியேதான் இருக்கிறது. இரண்டு பேர் பார்த்த வேலையை ஒரே ஆள் கற்றுக்கொண்டதைத் தவிர வேறு எந்த விளக்கமும் பொருந்தாது.

காலம் குறிப்பதிலும் ஊரின் நாள்காட்டி உதவுகிறது. செட்டு கட்டிக்கொள்ள உகந்த நாள், ஷஅபான் மாத நடுவில் வரும் பராஅத் இரவு கழிந்த மறுநாள் என்பது நம் பரிந்துரை. ஷஅபான் பாதியிலிருந்து ரமலான் முடியும்வரை ஆறு வாரத்துக்குச் சற்று மேல் வரும். பாடநூல் சொல்லும் குறைந்தபட்சக் காலம் பெருநாள் காலையில் நிறைவடையும். முதல் இரண்டு வாரம் புண்பட்ட இடங்களை டாக்டரிடம் காட்டித் தேய்த்துக்கொள்ளலாம். வீட்டில் அரத்தை எடுத்துத் தானே தேய்ப்பது முட்டாள்தனம். பிறகு ஒரு மாதம் பகலில் மெல்லும் வேலையே இல்லை, மாலையில் நோன்புக் கஞ்சி காத்திருக்கும். ஊறும் எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியுமா என்ற கவலை வேண்டாம், சொந்த எச்சில் முறிக்காது. ஸஹரில் சாப்பிட்டது முடுக்கில் மிஞ்சாமல் வைகறைக்கு முன்னே கழற்றிக் கழுவ வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. நோன்பில் பிற்பகல் வாய் வறளும், எச்சில் படலம் இல்லாவிட்டால் மேல்செட்டு இறங்கும் என்று ஆட்சேபிக்கலாம். சரியான ஆட்சேபம்தான். ஆனால் புதுச் செட்டுக்காரருக்கு எச்சில் மிகுதி, நோன்பாளிக்குக் குறைவு. இரண்டையும் கூட்டிக் கழித்தால் சராசரி மனிதர் கிடைக்கிறார். செயற்கை உறுப்பு கூடுமா என்று யாராவது தயங்கினால், போரில் மூக்கிழந்த அர்ஃபஜா என்ற தோழருக்கு வெள்ளி மூக்கு நாற்றமெடுத்ததால் தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபிகள் நாயகம் அனுமதித்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. சட்ட அறிஞர்கள் அங்கிருந்துதான் தங்கப் பல்லுக்கு வழி கண்டார்கள். அக்ரிலிக்குக்கு அவ்வளவு தூரம் வாதாடத் தேவையில்லை.

மாப்பிள்ளைக் கொள்கைக்கு எதிராக வைக்கப்படும் பலமான வாதம் இரவு பற்றியது. செட்டை இரவில் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட வேண்டும், ஈறுக்கு ஓய்வு வேண்டும், காய விட்டால் அக்ரிலிக் கோணும், கொதிநீரில் போட்டாலும் கோணும் என்பதெல்லாம் தெரிந்தவை. இரவானால் வீட்டைவிட்டுத் தண்ணீருக்குப் போகிறவர் என்ன மாப்பிள்ளை? இந்தக் கேள்வியைக் கேட்பவர் காயல்பட்டினத்துக்கு வராதவர். ரத்தினக் கல்லு வியாபாரத்துக்குக் கொழும்புக்குத் தோணி ஏறியவர்களும், இன்று ஹாங்காங்குக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறுகிறவர்களும் இந்த ஊரின் மாப்பிள்ளைகள்தாம். தண்ணீருக்கு அப்பால் இருப்பது இங்கே மாப்பிள்ளைத்தனத்துக்குக் குறைவில்லை, அதன் வழக்கமான நிலை. அவர் இல்லாதபோது வீடு தன்போக்கில் நடக்கிறது, வந்ததும் கொஞ்ச நேரம் பொருந்தாமல் இருந்துவிட்டுப் பொருந்துகிறது. காலையில் செட்டைப் போட்ட முதல் அரைமணி நேரத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. எலும்பில் திருகாணி போட்டு நிரந்தரமாகப் பொருத்தும் பல் வந்த பிறகு இந்த ஆய்வே பழசு என்போருக்கும் பதில் உண்டு. அந்தப் பல் வீட்டை விட்டு நகர்வதே இல்லை. வசதியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் செலவில் ஒரு கல்யாணமே நடத்திவிடலாம்.

மிஞ்சி நிற்பது சகன் என்ற பொதுத் தட்டு. களறிச் சாப்பாட்டில் நெய்ச்சோறும் கறியும் கத்திரிக்காயும் பருப்புமாக ஒரே சகனைச் சுற்றி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து உண்பது ஊர் வழக்கம். தனித் தட்டில் மெதுவாகச் சாப்பிடுவது ஒருவரின் சொந்த விஷயம். சகனில் மெதுவாகச் சாப்பிடுவது பொருளாதாரப் பிரச்சினை. நாலில் ஒரு பங்கு கடிவலுவுள்ளவர் முழு வலுவுள்ள இருபது வயதுக்காரரோடு உட்கார்ந்தால், முதல் துண்டை இவர் இருபக்கமும் பங்கிட்டு மென்று முடிப்பதற்குள் கறியின் பெரும்பகுதி வரலாறாகிவிடும். பெரியவர் பக்கம் நல்ல துண்டைத் தள்ளிவைக்கும் பண்பு இளையவர்களிடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஓர் ஆய்வு பண்பை நம்பி முடிவுக்கு வரக் கூடாது. ஆகவே செட்டுக்காரரைச் செட்டுக்காரரோடுதான் உட்கார வைக்க வேண்டும் என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. இதில் ஒரே நடைமுறைச் சிக்கல். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் மூவரும் செட்டைக் கழற்றி அலசினால் எது யாருடையது என்ற கேள்வி வரும். சில நாடுகளில் செட்டுக்குள்ளேயே உரியவர் பெயரைப் பொறித்துவிடுகிறார்கள். இங்கும் செய்யலாம். ஆனால் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து ஒரே பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஊரில் பெயர் மட்டும் போதாது. வாப்பா பெயரின் முதலெழுத்தும் வீட்டுப் பெயரும் தெருவும் வேண்டும். 12 சதுர சென்டிமீட்டர் கீழ்ச்செட்டில் அவ்வளவுக்கு இடமில்லை. மேல்செட்டில்தான் எழுத வேண்டும், கீழ்ச்செட்டில் "மேலே பார்க்க" என்று போட்டுக்கொள்ளலாம்.